ஊர விட்டுப் போனவங்க காப்பாத்தின ஊரு: நிக்கோடெமஸ், கான்சாஸ்

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவுல அடிமைமுறை ஒழிஞ்சப்புறம் கறுப்பின மக்கள் தாங்களாவே உருவாக்கின கிராமங்கள் நிறைய இருந்துச்சாமே, இப்ப பல ஊர்ல ஆளே இல்லையாமே, அப்ப அந்த வரலாற யாரு எத வச்சு காப்பாத்தறாங்க, கவர்ன்மென்ட் பண்ணுதா இல்ல அப்படியே அழிய விட்டுட்டாங்களா, இதுதான் கேட்டிருக்கீங்க.

நான் ஒரு யுனிவர்சிட்டி லைப்ரரில பழைய ஆவணப் பிரிவுல வேலை பாக்கறேன். கறுப்பின குடும்பங்களோட கடுதாசி, போட்டோ, சர்ச் நோட்டு எல்லாம் பல வருஷமா என் கை வழியா போய்ட்டு இருக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதப்போறேன், பொறுத்துக்கங்க. பொதுவா பேச ஆரம்பிச்சா எதுவுமே பிடிபடாம போயிடும், அதனால ஒரே ஒரு ஊர எடுத்துக்கறேன். கான்சாஸ் மாநிலத்தோட வடமேற்குல கிரஹாம் கவுண்டில நிக்கோடெமஸ்னு ஒரு ஊரு. இன்னைக்கு அங்க நிரந்தரமா குடியிருக்கறவங்க இருபது பேரு தேறினா பெருசு. ஆனா அந்த ஊர் வரலாறு கிட்டத்தட்ட முழுசா கைல இருக்கு. அத கைல வச்சிருக்கறது யாருன்னு பாத்தீங்கன்னா, ஊர விட்டு என்னைக்கோ போனவங்க, அவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. கவர்ன்மென்ட் வந்தது அதுக்கப்புறம்தான், அதுவும் ரொம்ப லேட்டா.

ஊர் எப்படி வந்துச்சுன்னு தெரியாம மத்தது புரியாது. 1877ல கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன் பக்கம் ஒரு நோட்டீஸ் விட்டாங்க, செப்டம்பர் 5ம் தேதி கான்சாஸ் போக விரும்பற கறுப்பின மக்கள் அஞ்சு டாலர் குடுத்துட்டு வரலாம்னு. பின்னாடி இருந்தது டபிள்யூ. ஆர். ஹில்னு ஒரு வெள்ளைக்கார நிலத் தரகர், டபிள்யூ. ஹெச். ஸ்மித்னு ஒரு கறுப்பினப் பாதிரியார், இன்னும் சிலர். உள்நாட்டுப் போர் முடிஞ்சு பன்னெண்டு வருஷம்தான் ஆகுது, தெற்குல இருந்து மத்திய அரசு ராணுவத்த வாபஸ் வாங்கியாச்சு, இனிமே இங்க நம்மள நிம்மதியா இருக்க விடமாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அங்க போனா 160 ஏக்கர், அஞ்சு வருஷம் குடியிருந்து உழுதா நிலம் உங்க பேருக்கு, 1862ல போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் அப்படி. வாழ்நாள் பூரா அடுத்தவன் நிலத்துல சாட்டையடி வாங்கி உழைச்சவனுக்கு இந்த வார்த்தை எப்படி கேட்டிருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க.

முன்னூறுக்கும் மேல ஆளுங்க ரயில் ஏறி எல்லிஸ்ங்கற ஸ்டேஷன்ல வந்து இறங்கினாங்க. அங்க இருந்து நிக்கோடெமஸ் போக ரோடே கிடையாது, ரெண்டு நாள் நடை. போய்ப் பாத்தா ஊரே இல்ல. கண்ணுக்கெட்டின வரைக்கும் ஒரு மரம் கிடையாது, வீடு கட்ட கட்டை எங்க? தரைய வெட்டி, மேட்டுச் சரிவுல குடைஞ்சு, மேல கொப்பும் புல்லும் மண்ணும் போட்டு அந்தக் குழிக்குள்ளதான் குடித்தனம். அடுத்த வருஷம் 1878 வசந்த காலத்துல கென்டக்கில இருந்து இன்னொரு கூட்டம் வந்துச்சு, அதுல வில்லியானா ஹிக்மன்னு ஒரு அம்மா, ஒரு பாதிரியாரோட மனைவி. நிக்கோடெமஸ் வந்துருச்சுன்னு எல்லாரும் சத்தம் போடறாங்க, இவங்க எட்டி எட்டிப் பாக்கறாங்க, ஒண்ணுமே தெரியல, எங்கங்க ஊருன்னு கேட்டா வீட்டுக்காரர் கைய நீட்டி அதோ பாருன்னாராம். பாத்தா தரையில இருந்து அங்கங்க புகை கிளம்பிட்டு இருக்கு. குழிக்குள்ள இருந்து வர்ற அடுப்புப் புகை. அழ ஆரம்பிச்சுட்டேன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க.

இந்தக் காட்சிய எங்கிட்டோ படிச்சிருப்பீங்க, நிக்கோடெமஸ் பத்தி எவன் எழுதினாலும் இதச் சொல்லாம விடமாட்டான். ஆனா இது எப்படி நம்ம கைக்கு வந்துச்சுன்னு யாரும் யோசிக்கறதில்ல. வந்து இறங்கின அன்னிக்கு யாரும் எழுதி வைக்கல. ரொம்ப வருஷம் கழிச்சு, வயசான காலத்துல அந்தம்மாகிட்ட ஒருத்தர் கேட்டிருக்காங்க, சொன்னது பத்திரிகைல வந்துச்சு. அந்த ஒருத்தர் கேக்காம இருந்திருந்தா புகையும் இல்ல அழுகையும் இல்ல, "1878ல மேலும் சில குடும்பங்கள் வந்து சேர்ந்தன"ன்னு ஒரு வரி, அவ்ளோதான். என் வேலையில மனசுல நிக்கற விஷயம் இதுதான்.

முதல் குளிர்காலம் கொடுமை. விதைக்கற சீசன் தாண்டி வந்தவங்க, கைல காசு இல்ல, கலப்பை இல்ல. அந்தப் பக்கமா வேட்டை முடிச்சுட்டு திரும்பிட்டு இருந்த ஓசேஜ் பழங்குடி ஆளுங்க இறைச்சி குடுத்துட்டுப் போனதாலதான் உயிர் பொழச்சோம்ங்கறது இன்னைக்கு வரைக்கும் அந்த ஊர்க் குடும்பங்கள்ல சொல்ற கதை. தாக்குப் பிடிக்க முடியாதவங்க திரும்பிப் போய்ட்டாங்க. இருந்தவங்க இருந்தாங்க, ஊரும் வந்துச்சு. சுண்ணாம்புக்கல்ல கட்டடம், ஹோட்டல், ஸ்கூல், சர்ச்சுங்க, 1886லயும் 1887லயும் ரெண்டு பத்திரிகை வேற ஆரம்பிச்சாங்க, ஒண்ணு வெஸ்டர்ன் சைக்ளோன், இன்னொண்ணு நிக்கோடெமஸ் என்டர்பிரைஸ். (பேரப் பாருங்க, "மேற்குச் சூறாவளி"யாம். ஊருல இருந்தது சில நூறு பேரு.) இந்த ஊருக்கு வந்த எட்வர்ட் மெக்கேப்ங்கறவர் 1882 தேர்தல்ல கான்சாஸ் மாநில ஆடிட்டரா ஜெயிச்சார். மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டு ஒரு கறுப்பினத்தவர தேர்ந்தெடுத்தது அங்க அதுதான் முதல் தடவை.

அப்புறம் ரயில் கதை. அந்தக் காலத்துல அந்த சமவெளில ரயில் வந்தா ஊரு, வராட்டி காடு. 1887ல மிசோரி பசிபிக் கம்பெனிய வரவைக்க 16,000 டாலருக்கு பாண்ட் (கடன் பத்திரம்) போட்டுத் தர்றோம்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாங்க. வரல. யூனியன் பசிபிக் வந்துச்சு, ஆனா தெக்க ஆத்துக்கு அந்தப் பக்கமா லைன் போட்டுட்டுப் போயிருச்சு. அங்க போக்னு ஒரு புது ஊரு முளைச்சுது, நிக்கோடெமஸ்ல கடை வச்சிருந்தவங்க ஒவ்வொருத்தரா சாமான மூட்டை கட்டி அங்க போய்ட்டாங்க. விவசாயிங்க மட்டும் தங்கினாங்க. 1930கள்ல புழுதிப் புயலும் பஞ்சமும் அவங்களயும் விரட்டுச்சு. 1953ல போஸ்ட் ஆபீஸ் மூடினாங்க, 1960ல ஸ்கூல். ஒரு ஊரு செத்துப்போச்சுன்னு எழுதறதுக்கு வேண்டிய எல்லாமே இருக்கு.

ஆனா அந்த ஊரு சாகல, காரணம் ஒரு திருவிழா. ஆரம்ப வருஷங்கள்ல இருந்தே விடுதலை நாள் கொண்டாடறாங்க. வேடிக்கை என்னன்னா அவங்க கொண்டாடினது லிங்கனோட அடிமை விடுதலை அறிவிப்பு வந்த தேதி இல்ல, ஆகஸ்ட் 1. பிரிட்டிஷ்காரன் 1834ல கரீபியன் தீவுகள்ல அடிமைமுறைய ஒழிச்ச நாள். அமெரிக்க கறுப்பின மக்கள் போருக்கு முன்னாடி இருந்தே கொண்டாடிட்டு வந்த நாள் அது, அந்த வழக்கத்த இவங்களும் எடுத்துக்கிட்டாங்க. (அந்தச் சட்டம் வந்து கரும்புத் தோட்டத்துல வேலைக்கு ஆள் இல்லாம போனதாலதான் நம்ம பக்கத்து ஜனங்கள ஒப்பந்தக் கூலியா மொரீஷியஸ்க்கும் அப்புறம் கரீபியனுக்கும் கப்பல் ஏத்தினாங்க. ஒரே தேதி, ரெண்டு ஜனங்களுக்கு ரெண்டு விதமா விடிஞ்சிருக்கு.) இப்ப ஜூலை கடைசி வாரக் கடைசில நடக்குது, ஹோம்கமிங்னு சொல்றாங்க. டென்வர், டொப்பீகா, கலிஃபோர்னியான்னு எங்கெங்கயோ சிதறிப் போனவங்க எல்லாம் குடும்பத்தோட வந்துருவாங்க. இருபது பேரு ஊர்ல அந்த ரெண்டு மூணு நாள் நூத்துக்கணக்குல ஜனம். ஊர்வலம், சர்ச், சமையல், ராத்திரி வரைக்கும் கதை.

ஊர்த் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வர்றதுல என்ன பெரிய வரலாறுன்னு தோணலாம். இப்படி யோசிங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கிளையும் ஒரே இடத்துல கூடுது. யாரு யாருக்கு என்ன உறவுன்னு சரி பாத்துக்கறாங்க, கல்லறைக்குப் போறாங்க, எந்தக் குழி யாரோடதுன்னு பெரியவங்க சின்னவங்களுக்குக் காட்டறாங்க, எங்க தாத்தா வெட்டின குழிவீடு அந்த மேட்டுப் பக்கம்தான் இருந்துச்சுன்னு கைநீட்டறாங்க. ஒரு தலைமுறை வராம விட்டிருந்தாக்கூட அந்தச் சங்கிலி அறுந்திருக்கும். ஆவணக்காரங்க பாஷையில சொல்லணும்னா வருஷா வருஷம் கேட்டலாக்க அப்டேட் பண்ணிட்டு இருந்திருக்காங்க, கேட்டலாக்னு தெரியாமலே.

கவர்ன்மென்ட் 1976ல தேசிய வரலாற்றுச் சின்னம்னு பட்டம் குடுத்துச்சு. பட்டம் மட்டும்தான், அதுல பெருசா காசு வராது. எண்பதுகளோட கடைசில ஏஞ்சலா பேட்ஸ்ங்கற அம்மா, இந்த ஊர் வம்சாவளி, நிக்கோடெமஸ் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டின்னு ஆரம்பிச்சாங்க. இவங்களும் மத்த குடும்பங்களும் வருஷக்கணக்கா மனு, மீட்டிங், வாஷிங்டன்னு அலைஞ்சு 1996 நவம்பர்ல சட்டம் போட்டு தேசிய வரலாற்றுத் தலமா ஆக்கினாங்க, மத்திய அரசோட நேஷனல் பார்க் சர்வீஸ் உள்ள வந்துச்சு. தலம்னா அஞ்சு கட்டடம்: ஏ.எம்.இ. சர்ச் (கறுப்பின மக்களோட மெதடிஸ்ட் சபை), பாப்டிஸ்ட் சர்ச், செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டல், ஸ்கூல், டவுன்ஷிப் ஹால். எல்லாத்தையும் கவர்ன்மென்ட் எடுத்துக்கல, பெரும்பாலும் ஊர்க்காரங்க கைலதான் இருந்துச்சு, ஏ.எம்.இ. சர்ச்ச மட்டும் 1998ல பார்க் சர்வீஸ் வாங்குச்சு.

இதுல எனக்கு ஒரு குறை உண்டு. அஞ்சு கட்டடமும் நல்ல கட்டடம், காப்பாத்த வேண்டியதுதான், ஆனா அஞ்சுல நாலு அந்த முதல் மூணு வருஷத்துக்கு அப்புறம் வந்தது. டவுன்ஷிப் ஹால் 1939, ஸ்கூல் 1918, பாப்டிஸ்ட் சர்ச் கட்டடம் 1907. ஊர உருவாக்கினவங்க இருந்த வீடு தரைக்குள்ள குடைஞ்ச குழி, அது இடிஞ்சு விழுந்தா வயல்ல ஒரு சின்னப் பள்ளம், உழுதா அதுவும் போச்சு. கல் கட்டடம் இருக்கறதத்தான் சட்டத்துக்கு காப்பாத்தத் தெரியும், குழிய எப்படி காப்பாத்தறது? ஏழைங்களோட வரலாற்றுல எல்லா இடத்துலயும் இதே தகராறுதான், அவங்க வாழ்ந்த பொருள் நிக்காது. அதனால மண்ணு, காகிதம், வாய்வார்த்தை மூணையும் சேத்து வச்சுத்தான் அந்தக் குழிவீட்ட திரும்பக் கட்ட வேண்டியிருக்கு.

மண்ணு பத்தி சுருக்கமா முடிச்சுடறேன், நான் தொல்லியல் ஆள் இல்ல. 2000களோட நடுவுல வாஷ்பர்ன் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்களும் மாநில தொல்லியல் ஆளுங்களும் ஊருக்கு வெளிய ஒரு பழைய பண்ணைய தோண்டினாங்க, முதல் வருஷங்கள்ல வந்த ஒரு குடும்பத்தோட நிலம். எங்க தோண்டணும்னு தேடி முடிவு பண்றதுக்கு வம்சாவளிக்காரங்க சொன்ன அடையாளம் பெரிய ஒத்தாசை. பாத்தீங்களா, திரும்ப அங்கதான் வந்து நிக்குது.

காகிதம்தான் என் ஏரியா. கறுப்பின குடும்ப வரலாறு தேடற எல்லாரும் முட்டிக்கற சுவர் ஒண்ணு இருக்கு, 1870 சுவர்னு சொல்லுவோம். 1870 சென்சஸ்லதான் முதல் தடவையா முன்னாள் அடிமைகள் எல்லாரையும் பேரு போட்டு எழுதினாங்க. 1850, 1860 ரெண்டுலயும் அடிமைகளுக்குத் தனி அட்டவணை, அதுல முதலாளி பேரு இருக்கும், கீழ வயசு, ஆணா பொண்ணா, நிறம். பேரு கிடையாது. "35, ஆண், கருப்பு." ஒரு மனுஷன் மொத்தமே அவ்ளோதான். அதத் தாண்டிப் பின்னாடி போகணும்னா வெள்ளைக்கார குடும்பத்தோட உயில், பத்திரம், கடன் பேப்பர் எல்லாம் பாக்கணும், மாடு, கட்டில், தட்டுமுட்டு சாமான் லிஸ்ட்டுக்கு நடுவுல ஒரு பேரு இருக்கும், பக்கத்துல விலை போட்டிருக்கும். நான் முதல் தடவை அப்படி ஒரு லிஸ்ட்ட டைப் பண்ணப்போ மதியம் சாப்பாடு இறங்கல.

நிக்கோடெமஸ் ஆளுங்களுக்கு ஒரு வழி கூடுதலா இருக்கு. கென்டக்கி, தெற்குப் படையோட சேராத அடிமை மாநிலம், அதனால லிங்கனோட 1863 அறிவிப்பு அங்க செல்லாது. 1865 டிசம்பர்ல அரசியல் சட்டத்தோட பதிமூணாவது திருத்தம் வர்ற வரைக்கும் அங்க அடிமைமுறை சட்டப்படியே இருந்துச்சு. முன்னாடியே விடுதலை வேணும்னா ராணுவத்துல சேரணும், கென்டக்கில கேம்ப் நெல்சன்ங்கற முகாம்ல மட்டும் பத்தாயிரத்துக்கு மேல கறுப்பின சிப்பாய்ங்க சேந்தாங்க. அந்த சிப்பாய் செத்தப்புறம் பொண்டாட்டி விதவை பென்ஷன் கேக்கும்போது நாங்க கல்யாணம் ஆனவங்கன்னு நிரூபிக்கணும், ஆனா அடிமைங்க கல்யாணத்துக்கு சட்டத்துல பதிவே கிடையாதே. அதனால அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினாங்க: இவங்கள எந்த முதலாளி வச்சிருந்தான், எந்தத் தோட்டத்துல கல்யாணம் ஆச்சு, யாரு நடத்தி வச்சா, எத்தன பிள்ளை பொறந்துச்சு எத்தன தங்குச்சு. சந்தேகப்பட்டுத்தான் கேட்டாங்க அதிகாரிங்க, ஆனா அந்த சந்தேகம் புடிச்ச கேள்விகளுக்கு வந்த பதில்தான் இன்னைக்கு அந்தக் குடும்பங்களுக்கு பொக்கிஷம். வாஷிங்டன்ல தேசிய ஆவணக் காப்பகத்துல கட்டுக்கட்டா இருக்கு.

அதே காப்பகத்துலதான் ஹோம்ஸ்டெட் ஃபைலும். அஞ்சு வருஷம் முடிஞ்சு நிலத்த பேருக்கு மாத்த வரும்போது விவசாயி சத்தியம் பண்ணி சொல்லணும், கூட ரெண்டு சாட்சி: வீடு எத்தனைக்கு எத்தன அடி, எதால கட்டினது, கிணறு உண்டா, எத்தன ஏக்கர் உழுதிருக்கே, வீட்டுல எத்தன பேரு. நான் மேல புலம்பினேனே குழிவீடு மிச்சமில்லன்னு, அதோட அளவு இங்க கிடைச்சுடும்! சாட்சியா யாரு வந்தாங்கன்னு பாத்தா யாரு யாரோட நெருக்கம்னு தெரியும். நெப்ராஸ்கா யுனிவர்சிட்டில பார்க் சர்வீஸோட சேந்து இந்த ஃபைல்கள வச்சு பெரிய சமவெளிப் பகுதி முழுக்க கணக்கெடுத்தாங்க, சுமார் 3,500 கறுப்பினத்தவங்க சட்டப்படி நிலம் வாங்கியிருக்காங்க, மொத்தம் ஆறரை லட்சம் ஏக்கர் கிட்ட. நிக்கோடெமஸ் மாதிரியே நெப்ராஸ்கால டீவிட்டி, கொலராடோல டியர்ஃபீல்ட், நியூ மெக்ஸிகோல பிளாக்டம்னு ஊருங்க இருந்துச்சு. அங்க எல்லாம் குடியிருக்க ஒரு ஆள் இல்ல இப்ப.

கான்சாஸுக்கு இன்னொரு அதிர்ஷ்டம். 1890 சென்சஸ் பேப்பர் 1921 தீ விபத்துக்கப்புறம் கிட்டத்தட்ட மொத்தமா போச்சு, அமெரிக்கா முழுக்க எல்லாருக்கும் அந்த இடம் ஓட்டை. கான்சாஸ் தன் பங்குக்கு தனியா 1885, 1895, 1905ன்னு மாநில சென்சஸ் எடுத்துச்சு, அதுல நீ எங்க இருந்து கான்சாஸ் வந்தேன்னு ஒரு கட்டம் வேற. அப்புறம் கான்சாஸ் வரலாற்றுச் சங்கத்த 1875ல ஆரம்பிச்சதே பத்திரிகை எடிட்டருங்க, மாநிலத்துல வர்ற எல்லா பத்திரிகையும் ஒரு காப்பி அனுப்புங்கன்னு கேட்டு வாங்கி வச்சாங்க. அதனாலதான் அந்த குட்டி ஊரோட சூறாவளி பத்திரிகை இன்னைக்கும் படிக்கக் கிடைக்குது. யாரு வீட்டுக்கு யாரு விருந்தாளி வந்தாங்க, எவன் குதிரை வாங்கினான், எல்லாம் இருக்கும். ஊர்வம்புதான், ஆனா அந்த ஊர்வம்ப வேற எங்க போய் வாங்கறது?

அடுத்தது வீட்டுல இருக்கற பேப்பர். இதுதான் இப்ப அவசரம், ஏன்னா பாட்டி இறந்தா வீட்ட காலி பண்ணும்போது குப்பைக்குப் போறது இதுதான். குடும்ப பைபிளோட முன்பக்கத்துல எழுதின பிறப்பு இறப்பு, சர்ச் கூட்டக் குறிப்பு நோட்டு, உறுப்பினர் சங்கத்துக்கு (லாட்ஜ்னு சொல்லுவாங்க) கட்டின சந்தா ரசீது, முக்கியமா இறுதிச் சடங்கு புரோகிராம். கறுப்பின சர்ச்சுகள்ல ஒருத்தர் இறந்தா அச்சடிச்சு குடுக்கற அந்த மடிப்புத் தாள்ல போட்டோ, எங்க பொறந்தாங்க, அப்பா அம்மா, எந்த சர்ச், பிள்ளைங்க எந்த ஊர்ல, பெட்டிய தூக்கினவங்க பேரு வரைக்கும் இருக்கும். ஒரு அம்மா அலமாரில ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கற நாப்பது புரோகிராம், எந்த அரசாங்க ரெக்கார்டுலயும் இல்லாத ஒரு ஊர் ஜாதகம்.

இங்க எங்க துறை ஒரு பெரிய தப்ப ரொம்ப காலம் பண்ணுச்சு. வந்து, குடுங்க பத்திரமா வைக்கறோம்னு வாங்கிட்டுப் போய்டுவோம், அப்புறம் அந்தக் குடும்பமே பாக்கணும்னா முன்னூறு மைல் தள்ளி இருக்கற பில்டிங்குக்கு வந்து ஐடி காட்டி பென்சில் மட்டும் எடுத்துட்டு உள்ள போகணும். ஏற்கனவே எல்லாத்தையும் புடுங்கிட்டாங்கன்னு அனுபவப்பட்ட ஜனங்க நம்மகிட்ட எதுக்கு குடுப்பாங்க? இப்ப பல இடத்துல முறை மாறிருச்சு. ஸ்கேனர தூக்கிட்டு நாங்க சர்ச் ஹாலுக்குப் போறோம், அங்கயே ஸ்கேன் பண்ணி ஒரிஜினல கைல திரும்ப குடுத்துடறோம், ஒரு காப்பி பென் டிரைவ்ல அவங்களுக்கு, ஒரு காப்பி லைப்ரரிக்கு, யாரு பாக்கலாம் பாக்கக்கூடாதுன்னு அவங்க கையெழுத்து.

அப்படி ஒரு நாள் (எந்த சர்ச்னு வேண்டாம்) நான் பண்ணின கூத்த சொல்றேன். ஒரு பாட்டி, தொண்ணூறு கிட்ட வயசு, ஆல்பம் கொண்டு வந்தாங்க, எழுபதுகள்ல வந்ததே ஒட்டிக்கற பக்கம் வச்ச ஆல்பம், அந்த வகை. அவசரத்துல ஒரு போட்டோவ நகத்தால கிளப்பினேன், மூலை பிஞ்சு வந்துருச்சு. (மெழுகு போடாத பல் இடுக்கு நூல அடில விட்டு மெதுவா அறுத்த மாதிரி இழுக்கணும், வரலேன்னா பக்கத்தோடயே ஸ்கேன் பண்ணணும். தெரிஞ்சேதான் பண்ணினேன், அதான் கொடுமை.) பாட்டி ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் பண்ணினதுதான் பெரிய தப்பு. வரிசைல ஆள் நிக்குதேன்னு பின்னாடி எழுத்து இல்லாத போட்டோக்கெல்லாம் ஃபார்ம்ல "அடையாளம் தெரியாத பெண்"ன்னு அடிச்சுட்டே போனேன். லிஸ்ட்ட பிரிண்ட் எடுத்து குடுத்தா பாட்டி கண்ணாடி போட்டு படிச்சுட்டு விரல வச்சு கேட்டாங்க, யாருக்குத் தெரியாதுன்னு போட்டிருக்கே? எனக்குத் தெரியும், நீ கேக்கல. அன்னிக்கு சாயங்காலம் மீதி ஸ்கேனிங்க நிறுத்திட்டு ரெக்கார்டர போட்டுட்டு ஒவ்வொரு படமா கேட்டேன். ரெண்டு மணி நேரத்துல பதினஞ்சு போட்டோதான் முடிஞ்சுது, ஆனா அந்த பதினஞ்சும் இன்னைக்கு பேரோட இருக்கு.

நீங்க யாராச்சும் பண்றதா இருந்தா டெக்னிக்கல் விஷயம் ரொம்ப இல்ல. போட்டோவுக்கு 600 டிபிஐ, டிஃப் ஃபைலா சேவ் பண்ணுங்க. பின்னாடி பேரு எழுத மெத்துன்னு எழுதற பென்சில், பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம். லேமினேட் பண்ணாதீங்க, அது காப்பாத்தறதில்ல, சமாதி கட்டறது. பேச்சு ரெக்கார்ட் பண்ணா வேவ் ஃபைல். மூணு காப்பி, ஒண்ணு வேற ஊர்ல. கேள்வி கேக்கும்போது "உங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னு முடிச்சுடுவாங்க. தண்ணி எங்க இருந்து எடுத்தீங்க, ஸ்கூலுக்கு யாரு கூட நடந்தீங்க, துணி துவைக்கற நாள் எதுன்னு கேளுங்க, அப்புறம் நிறுத்த முடியாது.

நிக்கோடெமஸ விட்டு ஒரு நிமிஷம் தெற்குக்கு வர்றேன், ஏன்னா அங்க பிரச்சனை வேற, நிலமே போயிட்டு இருக்கு. டெக்சாஸ்ல மட்டும் விடுதலைக்கப்புறம் கறுப்பின மக்கள் உருவாக்கின குடியிருப்புகள் 557னு கணக்கு, ஆண்ட்ரியா ராபர்ட்ஸ்ங்கற பேராசிரியர் 2014ல ஆரம்பிச்ச திட்டம் அத மேப்ல குறிச்சுட்டு வருது. பல ஊர் எந்த மேப்லயும் கிடையாது, மிச்சம் ஒரு சர்ச்சும் கல்லறையும்தான். தெற்குல கறுப்பின கிராமங்கள் கரைஞ்சதுக்கு ஒரு பெரிய காரணம் உயில் எழுதாம போன நிலம். கோர்ட்டு மேல நம்பிக்கை இல்லாத தலைமுறை, தாத்தா செத்தா எல்லாருக்கும் பொதுன்னு விட்டுட்டாங்க. நம்ம கூட்டுப் பட்டா மாதிரின்னு வச்சுக்கங்க, மூணு தலைமுறைல அறுபது பங்குதாரர், பாதிப் பேரு சிகாகோல. ஒரு ரியல் எஸ்டேட் ஆளு அதுல ஒருத்தர்கிட்ட பங்க வாங்கிட்டு கோர்ட்ல பாகப்பிரிவினை கேட்டா முழு நிலமும் ஏலத்துக்குப் போயிடும், அதுவும் அடிமாட்டு விலைக்கு. இத தடுக்க 2010ல ஒரு மாதிரிச் சட்டம் எழுதினாங்க, பங்காளிங்க முதல்ல வாங்கிக்கலாம், மதிப்பு போட்டுத்தான் விக்கணும்னு, அப்புறம் ஒவ்வொரு மாநிலமா ஏத்துக்கிட்டு வருது. 1920ல ஒன்பது லட்சத்துக்கும் மேல இருந்த கறுப்பின விவசாயிங்க இன்னைக்கு ஐம்பதாயிரம் கூட இல்ல. ஜார்ஜியால சாப்பலோ தீவுல ஹாக் ஹம்மக்னு ஒரு ஊரு, கீச்சி மக்களோடது (அந்தக் கடலோரத் தோட்டங்கள்ல அடிமையா இருந்தவங்களோட வம்சாவளி), அங்க 2023ல வீட்டு அளவு உச்சவரம்ப 1,400 சதுர அடில இருந்து 3,000க்கு உயர்த்திட்டாங்க. பெரிய வீடு வந்தா வரி ஏறும், வரி ஏறினா பழைய குடும்பம் போகும், கோர்ட்டு வரைக்கும் சண்டை. அங்க போய் போட்டோ ஸ்கேன் பண்ணித் தர்றேன்னு நின்னா, அப்பா முதல்ல ஒரு நல்ல வக்கீல கூட்டிட்டு வான்னுதான் சொல்லுவாங்க, சொல்றதும் நியாயம்.

கல்லறை பத்தியும் ஒரு வார்த்தை. காட்டுக்குள்ள கைவிட்ட கறுப்பின கல்லறை இருக்கான்னு தேடறவங்க முதல்ல பாக்கறது செடிய. நித்தியகல்யாணிக்கு உறவான ஒரு தரைக்கொடி, யூக்கா, சீடார் மரம் இதெல்லாம் வேணும்னே நட்டது, ஆள் போனப்புறமும் பரவிட்டே இருக்கும். தலைமாட்டுல செதுக்காத வெறும் கல்லு, சில இடத்துல சிப்பி, உடைஞ்ச பீங்கான், கிளாஸ். தெரியாத ஆள் குப்பைன்னு பொறுக்கி சுத்தம் பண்ணிடுவான், அது அவங்க வச்ச அடையாளம். முதல்ல படம் எடுங்க, கைய வைக்காதீங்க. 2022 டிசம்பர்ல கறுப்பின கல்லறைகளக் காப்பாத்த மத்திய அரசு சட்டம் ஒண்ணும் வந்திருக்கு.

கவர்ன்மென்ட் பண்ணுதான்னு கேட்டீங்கல்ல, பண்ணுது, பார்க் சர்வீஸ் ஆளுங்க நல்லாவே பண்றாங்க, கூரை ஒழுகினா அதுக்கு காசு வேணும், அத ஹோம்கமிங் சமையல்ல சேத்துட முடியாது. ஆனா ரேஞ்சர் விளக்கிச் சொல்ற கதைல பாதிக்கு மேல எந்தப் பாட்டிகிட்டயோ இருந்து வந்தது.

போய்ப் பாக்கணும்னா ஜூலை கடைசி வாரக் கடைசில போங்க. ஹைவே 24, ஹில் சிட்டி பக்கம். பெட்ரோலும் சாப்பாடும் ஹில் சிட்டிலயே முடிச்சுக்கங்க, ரூம் வேணும்னா பல மாசம் முன்னாடியே சொல்லி வைக்கணும், ஏன்னா கலிஃபோர்னியால இருந்து வர்ற குடும்பங்க போன வருஷமே புக் பண்ணிட்டுப் போயிருப்பாங்க.